ஏ.என்.ஏ. ஒரு லேபில் பாசிட்டிவ், இன்னொரு லேபில் நெகட்டிவ்: ஆட்டோ இம்யூன் ஈரல் நோய்க்கு உறுதியான ரத்தச் சோதனை எங்கே?

கேள்வி (கடையத்திலிருந்து): எங்க மதினிக்கு 38 வயசு. ஒரு மாசமா அசதி, கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் என்சைம் எஸ்.ஜி.பி.டி. 340. ஹெபடைட்டிஸ் பி, சி ரெண்டும் இல்ல. தென்காசி லேபுல ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ்னு வந்தது. பாளையங்கோட்டை லேபுல 1:100-ல நெகட்டிவ். ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸா இருக்கலாம், பயாப்சி எடுக்கணும்னு சொல்லுதாங்க. ஊசி குத்தாம ஒரே ரத்தச் சோதனையில சொல்ல முடியாதா? நான் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிக்கேன். இதையே ஆராய்ச்சியா எடுக்கலாமான்னும் பார்க்கேன்.

பதில்:

ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோய். ஏ.என்.ஏ. என்பது நம் செல்லின் கருவையே எதிர்க்கும் ஆன்டிபாடி; சீரத்தை 80 மடங்கு நீர்த்தும் அது ஒளிர்ந்தால் 1:80 என்று எழுதுவார்கள். உங்களைக் குழப்புகிற இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. தென்காசி லேப் 1:40-இல் தொடங்கி, 1:80 வரை நீர்த்தும் ஒளிர்வு தெரிகிறது என்று எழுதியிருக்கிறது. பாளையங்கோட்டை லேப் பார்க்கத் தொடங்குவதே 1:100-இல். 1:80-க்குப் பிறகு அணைந்துபோகிற ரத்தம் அங்கே நெகட்டிவாகத்தான் வரும். ரத்தம் மாறவில்லை, லேப் கோடு போட்ட இடம்தான் வேறு. முடிவை மட்டும் படிக்காமல், எந்த நீர்ப்பில் தொடங்கினார்கள், எதன்மேல் பார்த்தார்கள் என்ற இரண்டு வரியையும் ரிப்போர்ட்டில் தேடுங்கள். இல்லையென்றால் லேபுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், சொல்வார்கள்.

எதன்மேல் என்பது இன்னும் முக்கியம். இப்போது பெரும்பாலான லேப்கள் ஏ.என்.ஏ.வை ஹெப்-2 என்னும் மனிதச் செல்களின்மேல் பார்க்கின்றன. மூட்டுவாதம், லூபஸ் நோய்களுக்கு அது நல்ல முறை. ஆனால் ஈரல் நோய்க்கான மதிப்பெண் முறையில் 1:40, 1:80 என்று வைத்தது எலியின் திசுச் சீவல்களில் பார்த்த அளவுகளை வைத்து. ஹெப்-2 அதைவிட எளிதில் ஒளிரும். 1997-இல் பல லேப்கள் சேர்ந்து நோயில்லாதவர்களைப் பார்த்தபோது, ஹெப்-2-வில் 1:40 அளவில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 1:80-இல் 13 சதவீதம் பேருக்கும், 1:160-இல் 5 சதவீதம் பேருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வந்தது. ஈரல் கொழுப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வகை ஆன்டிபாடிகள் ஏதாவது ஒன்று இருக்கும். ஆகவே ஹெப்-2-வில் வந்த 1:80-ஐ வைத்துக்கொண்டு யாரும் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு இடத்திலும் தடுமாறுவார்கள். 'ஏ.என்.ஏ. ப்ரொஃபைல்' என்று ஒரு பட்டைச் சோதனை விற்கிறார்கள். டி.எஸ். டி.என்.ஏ., ரோ, எஸ்.எம். என்று ஆன்டிபாடிகள் குறிவைக்கும் பொருள்கள் வரிசையாக இருக்கும். அது முழுக்க நெகட்டிவாக இருந்தாலும் ஈரலுக்கு ஒன்றும் அர்த்தமில்லை. ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸில் வரும் ஏ.என்.ஏ. ஒரே புரதத்தைக் குறிவைப்பதில்லை. அந்தப் பட்டையில் இல்லாத எதையோ பிடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது வேறு பட்டை: எம்2, எல்.கே.எம்.1, எல்.சி.1, எஸ்.எல்.ஏ., எஸ்பி100, ஜிபி210 என்று ஈரல் நோய்களில் வரும் ஆன்டிபாடிகளின் பெயர்கள் இருக்கும். கவுன்டரில் 'லிவர் ப்ரொஃபைல்' என்று கேட்டால் பிலிருபினும் எஸ்.ஜி.பி.டி.யும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். 'ஆட்டோ இம்யூன் லிவர் பிளாட்' என்று கேளுங்கள். மென்தசையை எதிர்க்கும் எஸ்.எம்.ஏ. என்ற ஆன்டிபாடி அதில் பெரும்பாலும் சேராது, அதைத் தனியே எழுதித் தர வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், காசு செலவில்லாமல் கையிலேயே இருக்கிற ஒரு தடயம் உண்டு. மதினியின் பழைய எல்.எஃப்.டி. (ஈரல் செயல்பாட்டுச் சோதனை) ரிப்போர்ட்டை எடுங்கள். மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழியுங்கள், மிச்சம் குளோபுலின். சாதாரணமாக 2 முதல் 3.5 கிராம் வரை இருக்கும். மொத்தம் 8.4, ஆல்புமின் 3.4 என்று இருந்தால் குளோபுலின் 5.0. பலரும் எஸ்.ஜி.பி.டி. வரியை மட்டும் பார்த்து வட்டம் போடுவார்கள், இந்த வரியில் கண் போகாது. குளோபுலின் ஏறியிருந்தால் அடுத்து ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் அதிகமாக இருக்கும் ஆன்டிபாடி வகை) அளவு பார்க்க வேண்டும். 700 முதல் 1600 மில்லிகிராம் என்று ஒரு லேபும், 7 முதல் 16 கிராம் என்று இன்னொன்றும் எழுதும். முன்னது டெசிலிட்டருக்கு, பின்னது லிட்டருக்கு, அளவு ஒன்றுதான். சிரோசிஸ் வந்துவிட்ட ஈரலில் எந்தக் காரணமானாலும் ஐ.ஜி.ஜி. ஏறும் என்பதை மறக்கக் கூடாது. அதேபோல், திடீரென்று காமாலையோடு தொடங்கும் ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸில் நான்கில் ஒருவருக்கு மேல் ஐ.ஜி.ஜி. சரியாகவே இருக்கும். மதினியின் கதை அந்த வகை.

2008-இல் வந்த எளிய மதிப்பெண் முறையில் ஏ.என்.ஏ. அல்லது எஸ்.எம்.ஏ. 1:40 என்றால் 1, 1:80 என்றால் 2, எல்.கே.எம். 1:40 அல்லது எஸ்.எல்.ஏ. பாசிட்டிவ் என்றாலும் 2. ஆன்டிபாடிகள் எத்தனை வந்தாலும் அதிகபட்சம் 2 தான். ஐ.ஜி.ஜி. மேல் வரம்பைத் தாண்டினால் 1, வரம்பைப்போல் 1.1 மடங்கைத் தாண்டினால் 2. வைரஸ் ஹெபடைட்டிஸ் இல்லையென்றால் 2. பயாப்சி பொருந்தினால் 1, அச்சு அசலாக இருந்தால் 2. 6 வந்தால் 'இருக்கலாம்', 7 வந்தால் 'உறுதி'. தென்காசி ரிப்போர்ட்டை நம்பினால் பயாப்சி இல்லாமலே மதினி 6-ஐத் தொட வாய்ப்புண்டு. பாளையங்கோட்டையை நம்பினால் 4-ஐத் தாண்ட முடியாது. லேப் கோடு போட்ட இடத்தை வைத்து ஒருவர் நோயாளி ஆவதும் ஆகாததும் நடக்கும் என்றால், அந்த மார்க்கரின் (நோயைக் காட்டும் அடையாளத்தின்) தரம் அவ்வளவுதான். திசுவில் ஹெபடைட்டிஸ் தெரிந்தே ஆக வேண்டும் என்று அந்த முறையிலேயே நிபந்தனை வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

இருக்கிற சோதனைகளையே ஒழுங்காகச் செய்தால் பாதிக் குழப்பம் தீரும். அதற்கான சரியான முறை, எலியின் ஈரல், சிறுநீரகம், இரைப்பை மூன்றின் சீவல்களையும் ஒரே கண்ணாடித் தட்டில் வைத்து, ரத்தத்தின் சீரத்தை நீர்த்து ஊற்றி, கழுவி, பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எல்.கே.எம்.1 இருந்தால் ஈரல் செல்களின் உட்குழம்பு முழுக்கப் பளிச்சென்று எரியும். சிறுநீரகத்தில் கிட்டக்குழாய்கள் ஒளிரும். இரைப்பை இருட்டாக இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவை எதிர்க்கும் ஏ.எம்.ஏ. இருந்தால் சிறுநீரகத்தின் தொலைக்குழாய்கள் பிரகாசமாக எரியும், இரைப்பையின் பரைட்டல் செல்களும் சேர்ந்து எரியும். அவசரத்தில் சிறுநீரகத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவார். இது எழுத்துப்பிழை மாதிரி போகிற தப்பு இல்லை. எல்.கே.எம்.1 என்றால் ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ், அதற்கு ஸ்டீராய்டு; ஏ.எம்.ஏ. என்றால் பித்தக்குழாய் நோயான பி.பி.சி., அதற்குத் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் அர்சோடிஆக்சிகோலிக் அமிலம். மருந்தே மாறிப்போகும். சந்தேகம் வந்தால் இரைப்பைச் சீவலைப் பாருங்கள். பரைட்டல் செல் எரியவில்லையென்றால் ஏ.எம்.ஏ. என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

எஸ்.எம்.ஏ.வுக்கும் அதே தட்டுதான். ரத்தக்குழாய்ச் சுவர் மட்டும் ஒளிர்ந்தால் அதற்கு மதிப்புக் குறைவு. வைரஸ் காய்ச்சலிலும் வரும். சிறுநீரகத்தின் குளோமருலஸும் குழாய் நார்களும் சேர்ந்து ஒளிர்ந்தால்தான் அது எஃப்-ஆக்டின் என்ற தசைப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸை நோக்கிக் கை காட்டுவது. வெறும் 'எஸ்.எம்.ஏ. பாசிட்டிவ்' என்று எழுதுகிற லேப் இந்தப் பாதி விஷயத்தை விழுங்கிவிடுகிறது.

எஸ்.எல்.ஏ. இந்தத் தட்டில் தெரியாது, அதற்கு எலைசா (தட்டில் பூசிய புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டுவதை நிறத்தால் அளப்பது) அல்லது பட்டைதான். இருப்பவற்றில் நம்பகமான ஆன்டிபாடி இதுதான். நோயில்லாதவருக்கு இது பாசிட்டிவ் வருவது மிக அரிது. ஆனால் நோயுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இருக்காது. வந்தால் நம்பலாம், வராவிட்டால் ஒன்றும் சொல்லவில்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஒரே சோதனை ஏன் இல்லை? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். எஸ்.ஜி.பி.டி. ஏறி ஓ.பி.க்கு வருகிற 1000 பேரில் 10 பேருக்கு இந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை நோயுள்ளவரில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, நோயில்லாதவரில் 80 சதவீதத்தைச் சரியாக விலக்குகிறது. 10 பேரில் 8 பேர் பாசிட்டிவ்; மீதி 990 பேரில் 198 பேரும் பாசிட்டிவ். 206 பேரில் உண்மையானவர் 8 பேர், 4 சதவீதம்கூட முழுசாக இல்லை. அதே சோதனையை, 1000-இல் 300 பேருக்கு நோய் இருக்கிற ஈரல் சிறப்புப் பிரிவில் செய்தால் 240 பேர் உண்மை, 140 பேர் பொய், 63 சதவீதம். சோதனை ஒன்றுதான், வாசல்தான் வேறு. விலக்கும் திறனை 98 சதவீதத்துக்கு ஏற்றினால் ஓ.பி.யில் 8 உண்மைக்கு 20 பொய் என்று இறங்கிவிடும். புதிய மார்க்கர் தேடுபவர் பிடிக்கும் திறனைவிட விலக்கும் திறனில்தான் உயிரைக் கொடுக்க வேண்டும்.

யாரிடமிருந்து விலக்குவது? அங்கேதான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. நோயாளி ஐம்பது பேர், எதிரில் ஆரோக்கியமான ரத்த தானக்காரர் ஐம்பது பேர். எந்த மார்க்கரும் அழகாகப் பிரித்துக்காட்டும். ஆனால் ஆரோக்கியமானவரை ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ் என்று எந்த டாக்டரும் தடுமாறப்போவதில்லை. திருநெல்வேலிச் சீமையில் உண்மையில் குழம்புவது வேறு ஆட்களிடம். காசநோய் மாத்திரையில் ஈரல் கெட்டவர். சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் நாள்கணக்கில் தின்றவர். அந்த மருந்து ஏ.என்.ஏ.வையும் ஐ.ஜி.ஜி.யையும் ஏற்றி அசல் நோய்போலவே நடிக்கும். ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வந்து, கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு மூன்றாவது வாரம் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருபவர். ஈரல் கொழுப்புக்காரர். இவர்களோடு, உடலில் செம்பு சேரும் வில்சன் நோயாளியையும் சேர்க்க வேண்டும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கிற ஊரில், பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய நோயை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். இளம் வயதில் ஈரல் கெட்டு ஏ.என்.ஏ.வும் பாசிட்டிவாக இருந்து, செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் அளவைப் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கினால் செம்பு பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போகும்.

சீந்திலையும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயமும் மாத்திரையும் ஓடியது. 2021-இல் மும்பையிலிருந்தும், 2022-இல் இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்தும், சீந்தில் சாப்பிட்டபின் ஆட்டோ இம்யூன் தன்மையோடு ஈரல் கெட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இந்தத் தொடர்பை ஏற்கவில்லை. சண்டை ஒருபுறம் இருக்கட்டும். ரத்தம் எடுக்கும்போது கேட்டு எழுதியே ஆக வேண்டிய விவரம் இது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில், 'நாட்டு மருந்து தின்னீங்களா' என்று அதட்டிக் கேட்டால் 'இல்ல சார்' என்றுதான் பதில் வரும். என்ன பெயர், யார் கொடுத்தது, எத்தனை நாள் என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்வார்கள். பொட்டலத்தையே கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

மருந்தால் வந்ததையும் தானாக வந்ததையும் இன்றைக்குப் பிரிப்பது காலம்தான். ஸ்டீராய்டை நிறுத்தியபின் மருந்தால் வந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை. அசல் நோய் பெரும்பாலும் திரும்பும். இந்த இரண்டையும் முதல் நாள் ரத்தத்திலேயே பிரிக்கிற மார்க்கர் கிடைத்தால், அதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இங்கே தோண்டுங்கள்.

புதியவற்றில் நான் உருப்படியாக மதிப்பது ஒன்று: பாலிரியாக்டிவ் ஐ.ஜி.ஜி. ஜெர்மனியின் ஹானோவர் மருத்துவப் பள்ளிக் குழு, கண்ணாடியில் ஆயிரக்கணக்கான புரதங்களை அச்சிட்டு நோயாளிகளின் சீரத்தை ஓட்டிப் பார்த்தது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடியைவிட, கண்டதிலும் ஒட்டிக்கொள்கிற ஐ.ஜி.ஜி. இந்த நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. எச்.ஐ.பி.1.ஆர். என்ற புரதத்தை எலைசா தட்டில் பூசி, மாட்டு ஆல்புமினால் இடைவெளியை அடைத்து அளந்தார்கள். 2022-இல் வெளியிட்ட பல மைய ஆய்வில், பிடிக்கும் திறன் ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ.வுக்குச் சமமாகவும் விலக்கும் திறன் அவற்றைவிட மேலாகவும் இருந்தது. ஐ.ஜி.ஜி. சரியாக இருந்த நோயாளிகள், வழக்கமான ஆன்டிபாடி எதுவும் இல்லாத நோயாளிகள் பலரிடமும் பாசிட்டிவ் வந்தது. மதினி மாதிரியானவர்களுக்கு வேண்டியது இதுதான். எலைசா என்பதால் மைக்ராஸ்கோப்பில் பழகிய கண் தேவையில்லை, எந்த மாவட்ட லேபிலும் ஓடும். ஒப்பிட எடுக்கும் நம் ஊர் மற்ற ஈரல் நோயாளிகளிடம் அதன் கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பது ஒரு எம்.எஸ்சி., பிஎச்.டி.க்குத் தாராளமான வேலை.

மற்றவை அவ்வளவு தூரம் வரவில்லை. எம்.ஐ.ஆர்.-122 என்ற சிறு ஆர்.என்.ஏ. ஈரல் செல் எதனால் உடைந்தாலும் ரத்தத்தில் ஏறும். விலை கூடிய எஸ்.ஜி.பி.டி. என்று சொன்னால் தப்பில்லை. ரத்தத்தில் கரைந்த சி.டி.163 என்ற புரதம் அழற்சி எவ்வளவு கொதிக்கிறது என்று காட்டும், ஏன் கொதிக்கிறது என்று காட்டாது. பித்தக்குழாய்ப் பக்கம் நிலைமை நல்லது: பி.பி.சி.யில் 90 முதல் 95 சதவீதம் பேருக்கு ஏ.எம்.ஏ. உண்டு, இல்லாதவருக்கு எஸ்பி100, ஜிபி210 கைகொடுக்கும். பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி.க்கு இன்றும் அந்தக் குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன்தான், பெருங்குடல் புண் நோயில் (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) 2021-இல் ஜப்பானின் கியோட்டோ குழு கண்ட ஆல்ஃபா-வி பீட்டா-6 இன்டெக்ரின் ஆன்டிபாடி இங்கும் தென்படுவதுதான் புதுச் செய்தி.

ஆராய்ச்சியில் இறங்கினால் கவனிக்க வேண்டியவற்றில், புத்தகம் சத்தமாகச் சொல்லாத ஒன்று: நோய் யாருக்கு என்று முடிவுசெய்யப் பயன்படுத்தும் மதிப்பெண்ணிலேயே ஏ.என்.ஏ.வும் ஐ.ஜி.ஜி.யும் இருக்கின்றன. பிறகு புது மார்க்கரை ஏ.என்.ஏ.வோடு போட்டிக்கு விட்டால் பழையதற்கு முன்கூட்டியே மதிப்பெண் கொடுத்துவைத்த மாதிரி. நோயை பயாப்சி, சிகிச்சைக்கு வந்த பலன், ஒரு வருடத் தொடர்ச்சி இவற்றால் முடிவுசெய்யுங்கள். முடிவுசெய்பவருக்கு உங்கள் எலைசா எண் தெரியக் கூடாது. 8000 புரதத்தை ஓட்டி, தற்செயலாக வரும் வாய்ப்புக்கு (பி மதிப்பு) 0.05-ஐக் கோடாக வைத்தால், ஒன்றுமே இல்லாதபோதும் 400 புரதம் 'வித்தியாசம்' காட்டும். ஆகவே இரண்டாவது, புதிய நோயாளிக் குழுவில் திரும்பப் பார்க்காத எதையும் மார்க்கர் என்று அழைக்காதீர்கள். விலக்கும் திறன் 95 சதவீதம், கூடக்குறைய 3 என்று சொல்ல வேண்டுமானால் நோயில்லாத, ஆனால் ஈரல் கெட்ட, சுமார் 203 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கை பலருடைய தீசிஸில் இருக்காது.

ரத்தம் எடுப்பதிலும் காரியம் கெடும். ஜெல் டியூபில் 5 மில்லி எடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, 1500 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, அரை மில்லி அரை மில்லியாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரே குப்பியில் வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உறையவைக்க நேரும். ஐ.ஜி.ஜி. தாங்கும், அழற்சிச் செய்தி கடத்தும் சைட்டோகைன் தாங்காது. தானாகப் பனி உருக்கும் மைனஸ் 20 ஃப்ரீசர் இதற்கு ஆகாது, அது தினமும் கொஞ்சம் சூடேறி இறங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்த டியூபை ஆன்டிபாடிக்குப் பயன்படுத்தலாம், ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டாம். சிறு ஆர்.என்.ஏ. பார்ப்பதானால் ஹெப்பாரின் டியூப் கூடாது, பி.சி.ஆரைத் தடுக்கும். கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தால் சிவப்பணு உடையும். கண்ணுக்குத் தெரியாத அளவு உடைந்தாலும் 414 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் தெரியும், பார்த்து ஒதுக்குங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், ரத்தம் ஸ்டீராய்டுக்கு முன்னால் எடுத்ததா என்பது. மாத்திரை தொடங்கிய பிறகு ஐ.ஜி.ஜி. இறங்கத் தொடங்கிவிடும்; அதை 'ஐ.ஜி.ஜி. சரியாக இருந்த நோயாளி' என்று எழுதினால் ஆய்வே பொய்.

மதினி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது லேபில் ஏ.என்.ஏ. பார்க்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஐ.ஜி.ஜி., எஸ்.எம்.ஏ., ஈரல் பட்டை, ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ஐ.ஜி.எம்., செருலோபிளாஸ்மின் பாருங்கள். ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். மட்டும் தள்ளிப்போடக் கூடாது, 1.5-க்கு மேல் இருந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, நேரம் காலம் பாராமல் தூக்கம் வந்தாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஐ.என்.ஆரும் தட்டணுவும் சரியாக இருந்தால் பயாப்சி விலாவின் வழியே எடுப்பார்கள். இல்லையென்றால் கழுத்து ரத்தக்குழாய் வழியாக எடுக்கும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். பயாப்சி இதுதான் என்று சொல்லி ப்ரெட்னிசலோன் தொடங்கினால், அதன் பிறகு நோய் அடங்குகிறதா என்று அறிய முக்கியமாகப் பார்க்க வேண்டியது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஐ.ஜி.ஜி. மூன்றும். ஆறு மாதத்துக்குள் மூன்றும் சரியாக வேண்டும். எஸ்.ஜி.பி.டி. இறங்கி ஐ.ஜி.ஜி. இறங்காமல் நின்றால் நோய் உள்ளே எரிகிறது என்று எடுத்துக்கொண்டு, மருந்தின் அளவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன் ஒரு டியூப் ரத்தம் கூடுதலாக எடுத்து, சீரத்தைப் பிரித்து உறையவைக்க முடியுமா என்றும் லேபில் கேட்டுவையுங்கள்.